பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல்: வைத்திருப்பதா, மாற்றுவதா, விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்கள், அதை மோடிஃபை செய்ய ஆசைப்படுகிறவர்கள், விற்றுவிட்டு வேறு எடுக்கலாமா என்று இரண்டுங்கெட்டான் மனநிலையில் இருப்பவர்கள், இந்த மூன்று தரப்பும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதியது இது. டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும், அது வேறு கதை.

என்னுடையது 1.3-ஆ, 1.2-ஆ? வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் சிசி என்ன என்று பாருங்கள். 1298 என்றால் 1.3, 1197 என்றால் 1.2. அவ்வளவுதான்.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால், 2005 மே மாதம் ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்தபோது அதில் இருந்தது ஜி13பிபி என்ற 1.3 லிட்டர் எஞ்சின். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 87 பிஎஸ், அதாவது குதிரைத்திறன், 4500 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. 2010இல் பிஎஸ்4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளை ஒட்டி அதை எடுத்துவிட்டு 1.2 லிட்டர் கே சீரிஸ் எஞ்சினை வைத்தார்கள், 85 பிஎஸ். பாடி மாறவில்லை, 2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வரும்வரை அதே உருவம்தான். இங்கே நான் பேசுவது பெரும்பாலும் 1.3 பற்றி. டயர், பிரேக், சட்டம், இன்சூரன்ஸ் விஷயமெல்லாம் இரண்டுக்கும் பொது.

87 பிஎஸ் வைத்துக்கொண்டு இதை ஸ்போர்ட்டி என்கிறீர்களே, கொஞ்சம் ஓவர் இல்லையா?

காகிதத்தில் பார்த்தால் ஓவர்தான். ஆனால் வண்டியின் எடை சுமார் ஒரு டன், நீளம் 3.7 மீட்டர், நான்கு சக்கரமும் நான்கு மூலைக்குத் தள்ளி இருக்கும், அந்தக் காலத்து மற்ற மாருதிகளோடு ஒப்பிட்டால் பாடி நல்ல இறுக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவிலோ ஓட்டிப் பாருங்கள், இதைவிடக் கூடுதல் பவர் உள்ள எத்தனையோ செடான்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இது சொன்னபடி திரும்பும். எஞ்சின் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் தூங்குமூஞ்சி. இரண்டாவது, மூன்றாவது கியரில் 4500 தாண்ட விட்டால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். மைலேஜ் பார்த்து எப்போதும் நாலாவது, ஐந்தாவது கியரிலேயே ஓட்டிவிட்டு 'பிக்கப் இல்லை' என்று சொல்கிறவர்களுக்கு இந்த எஞ்சின் என்ன செய்யும் பாவம்.

இன்னொன்றும் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் கார்களில் ஓடுவது இதே 1.3 ஸ்விஃப்ட் எஞ்சின்தான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் அவை போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்த எஞ்சினைக் குறைவாகப் பேச மாட்டார்கள். இதே ஜி13 குடும்ப எஞ்சின் எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் இருந்தது என்பதால் இதைத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

இப்போது ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்ப்பது?

வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு ஒரே கார் இதுதான் என்றால் வேண்டாம். இரண்டாவது வண்டியாக, அல்லது வீட்டில் வேறு வண்டி இருந்து இது ஆசைக்கு என்றால் சரி.

முதலில் காகிதம். ஆர்சி எந்தத் தேதி வரை செல்லும், புதுப்பித்திருக்கிறார்களா, பழைய லோன் அடைந்தும் ஆர்சியில் எச்பி (கடன் கொடுத்தவர் பெயர்) நீக்காமல் கிடக்கிறதா, அபராதம் ஏதும் பாக்கி உண்டா என்பதையெல்லாம் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய வண்டியில் எஞ்சின் கோளாறைவிடக் காகிதக் கோளாறுதான் அதிகம் அலைக்கழிக்கும்.

அப்புறம் பாடி. எஞ்சினைப் பிரித்துச் செய்துவிடலாம், துருவை ஒன்றும் செய்ய முடியாது. சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம். கதவின் அடி விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, மிதியடிக்குக் கீழே தரை, இந்த நாலு இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்ற தடம் இருந்தால் டிக்கி பீடிங் போயிருக்கிறது. பானெட்டைத் திறந்து இரண்டு பக்க ஏப்ரனிலும் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகடு) கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் புள்ளி தெரிந்து மறுபக்கம் பட்டியும் பெயிண்ட்டுமாக மழுங்கியிருந்தால் அந்தப் பக்கம் பலமாக இடித்த வண்டி.

எஞ்சினைக் கட்டாயம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம், அது பெரிய வேலை இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து நீலப் புகை என்றால் ரிங் வேலை, அது பெரிய வேலை. நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுத்துப் பார்த்துவிட்டால் பேரம் பேசவும் வசதி.

ஓட்டும்போது வேகத்தடையில் டொக் டொக் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும், எல்லாம் எளிதில் கிடைக்கிற பாகங்கள்.

ஏற்கெனவே தடபுடலாக மோடிஃபை செய்த வண்டியை மட்டும் வாங்காதீர்கள். 'ரெண்டு லட்சம் செலவு பண்ணிருக்கேன் ப்ரோ' என்று விற்பவர் சொன்னால், அந்த ரெண்டு லட்சத்தின் வயரிங்கை யாராவது திரும்ப ஒழுங்கு செய்ய வேண்டும், அந்த யாராவது நீங்கள்தான்.

டைமிங் பெல்ட் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது இதுதான், அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 1.2 கே சீரிஸில் இதற்குச் செயின். 1.3இல் ரப்பர் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆனால் ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் வயதாவதில்லை. 12 வருஷத்தில் 60,000 ஓடிய வண்டியின் பெல்ட்டும் கிழடுதான். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், வாட்டர் பம்ப்பையும் ஆயில் சீல்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கவரைக் கழற்றும் கூலி ஒரு தடவையோடு போகும்.

15 வருஷம் ஆனால் வண்டியை நொறுக்கிவிட வேண்டுமாமே?

அது டெல்லி. அங்கே நீதிமன்ற, பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகளால் 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் பிரச்சினை வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. 15 வருஷம் முடிந்ததும் வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஆனால் கட்டணம் கசக்கும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு மட்டும் 10,000 ஆக்கினார்கள். அதாவது 2005இல் வந்த முதல் தொகுதி ஸ்விஃப்ட்டுகள் சரியாக இந்த வலையில் போய் விழுகின்றன. 2009 வண்டி வைத்திருப்பவர்களுக்கு 2029இல்தான் அந்தக் கவலை. தேதி தாண்டவிட்டால் தாமதக் கட்டணமும் ஏறும் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

காட்டப்போகும்போது கம்பெனியில் வந்தபடி இருக்க வேண்டும். கூலிங் பேப்பர், சத்தம் போடும் சைலன்சர், கலர் லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். சேஸிஸ் எண் மேல் துரு ஏறியிருந்தால் மெல்லச் சுத்தம் செய்து, எண் தெளிவாகத் தெரிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஈ20 பெட்ரோல் போட்டால் எஞ்சின் போய்விடுமா?

ஒரே நாளில் எதுவும் ஆகாது. ஆனால் ஒன்றுமே ஆகாது என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் வாக்கில். இந்த ஸ்விஃப்ட் அதற்கெல்லாம் பல வருஷம் முந்தியது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறைந்தால் அது உங்கள் மெக்கானிக்கின் தவறல்ல. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் 9:1 கம்ப்ரஷன் உள்ள இந்தப் பழைய எஞ்சினுக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது.

கவனிக்க வேண்டியது ரப்பர். பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய டேங்கில் படிந்திருக்கும் அழுக்கை எத்தனால் கரைத்துக்கொண்டு வரும், அதனால் ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் மூடிப்போட்டு வைக்காதீர்கள். பானெட்டுக்குள் பெட்ரோல் வாசம் அடித்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். அது தீப்பிடிக்கிற விஷயம்.

மோடிஃபை செய்ய 50,000 ரூபாய் இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

முதலில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு முகம் வாடுகிறது, ஆனால் என் ஒரே பிடிவாதம் இதுதான். 15 வருஷம் ஓடிய ஸ்விஃப்ட்டை ஓட்டிவிட்டு 'இதில் பவர் பத்தவில்லை, ஹேண்ட்லிங் பத்தவில்லை' என்கிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனியில் இருந்து வந்தபோது அந்த வண்டி எப்படி இருந்தது என்பதையே அனுபவித்ததில்லை. தேய்ந்த ஷாக் அப்சார்பர், வெடித்த புஷ், அடைத்த இன்ஜெக்டர், கல்லாகிப்போன டயர், இவற்றோடு ஓடுவது ஸ்விஃப்ட்டே அல்ல.

ஆகவே நாலு ஷாக் அப்சார்பர், மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ்கள், எஞ்சின் மவுண்ட், இது ஒரு கட்டம். பிரேக் பேட், டிஸ்க், பின் டிரம்மில் ஷூவும் வீல் சிலிண்டரும், புது பிரேக் ஆயில், இது இன்னொரு கட்டம். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை, மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்போதுதான் தெரியவரும். அப்புறம் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஆக்ஸிஜன் சென்சார். கடைசியாக நல்ல டயர், வீல் அலைன்மென்ட். இத்தனையும் செய்த பிறகு ஒரு மாதம் ஓட்டிவிட்டு இன்னும் என்ன வேண்டும் என்று யோசியுங்கள். பாதிப் பேருக்கு ஆசை இங்கேயே அடங்கிவிடும்.

சென்னையில் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய பாகம் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கதவுப் பிடி, மீட்டர், கண்ணாடி, சீட், டேஷ்போர்டு பிளாஸ்டிக் இதெல்லாம் எடுங்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

15 இஞ்ச் அலாய் போடலாமா? 16? 17?

15 போடலாம், அதோடு நின்றுகொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். மேல் மாடலில் கம்பெனி கொடுத்த டயர் 185/70 ஆர்14. சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 615 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 போட்டாலும் அதே 615தான், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் கணக்கும் மாறாது. கீழ் மாடலின் 165/80 ஆர்14 சுமார் 620, அதற்கும் இது பொருந்தும். 205/50 ஆர்16 சுமார் 611, கணக்கில் இடிக்கவில்லை, ஆனால் டயரின் பக்கவாட்டு உயரம் 130 மில்லிமீட்டரிலிருந்து 100 சொச்சத்துக்கு இறங்குகிறது. நம் ஊர்ச் சாலைக் குழியில் அந்த 27 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றுவது. சக்கரத்தின் எடையும் கூடும், 113 நியூட்டன் மீட்டர் எஞ்சின் அதையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். 17 இஞ்ச் போட்டவர்கள் நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 54.1. ஓட்டை பெரிதான ரிம் என்றால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேளுங்கள், இல்லாவிட்டால் 80இல் ஸ்டியரிங் உதறும். கள்ள அலாய் வேண்டவே வேண்டாம், குழியில் வளையாது, உடையும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2219 என்றால் 2019ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்தது. தேய்மானமே இல்லாவிட்டாலும் ஆறு வருஷத்துக்கு மேல் ஆன டயரை மலைப்பாதையில் நம்பாதீர்கள்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கோன் ஃபில்டர், ரீமேப் செய்தால் எவ்வளவு பவர் ஏறும்?

சத்தம் நிறைய ஏறும்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சினில் ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றினால், பூஸ்ட்டைக் கூட்டி ஒரே மதியத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் கொண்டுவரலாம். இதில் டர்போ இல்லை. காற்று தானாக எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான், அதனால் ஃபில்டரும் சைலன்சரும் ட்யூனிங்கும் சேர்ந்து தருவது ஒற்றை இலக்கத்தில் சில பிஎஸ், அதுவும் ஆர்பிஎம் மேலே இருக்கும்போது. நகருக்குள் நமக்குத் தேவையான குறைந்த ஆர்பிஎம் டார்க் சில சமயம் குறையக்கூடச் செய்யும். கோன் ஃபில்டரைப் பானெட்டுக்குள் அப்படியே மாட்டினால் அது இழுப்பது எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்று, மே மாத மதியத்தில் அது என்ன பவர் தரும் என்று நீங்களே யோசியுங்கள். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே போடுகிற நல்ல பேனல் ஃபில்டர் போதும்.

உண்மையாகவே பவர் வேண்டும் என்றால் வழி உண்டு: ஹெட்டைக் கழற்றி போர்ட்டிங், வேறு கேம், கம்ப்ரஷன் ஏற்றம், அதற்கேற்ற ட்யூனிங். ரேஸ் வண்டிகளுக்கு அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் செலவில் இதைவிடப் பெரிய எஞ்சின் உள்ள இன்னொரு பழைய காரே வந்துவிடும். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்லும் கடைக்காரரிடமிருந்து ஓடிவிடுங்கள், புகைச் சான்றிதழுக்கும் ஆகாது, பின்னால் நிற்பவர் நுரையீரலுக்கும் ஆகாது.

எஸ்எக்ஸ்4-இன் 1.6 எஞ்சினை இதில் இறக்கலாம் என்கிறார்களே?

இறக்கியிருக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. 100 பிஎஸ்ஸுக்கு மேல் தரும் எஞ்சின், ஒரு டன் வண்டி, கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மவுண்ட், வயரிங், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்), டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். அதைவிட முக்கியம், எஞ்சின் எண்ணும் சிசியும் ஆர்சியில் உள்ளதோடு ஒத்துப்போகாது. டிராக்கில் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் ஆசை தீரச் செய்யுங்கள். ரோட்டில் ஓட்டுவதற்கு வேண்டாம்.

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி இறக்கினால்?

வேண்டாம். வெட்டின ஸ்பிரிங் அதற்கான குழியில் சரியாக உட்காராது, குழியில் இறங்கி ஏறும்போது இடம் மாறும். உயரம் குறைய வேண்டும் என்றால் 25, 30 மில்லிமீட்டர் இறக்குகிற முழு ஸ்பிரிங் செட்டும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் போட வேண்டும். கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர். நாலு பேர் உட்கார்ந்து, ஊராட்சி மன்றம் போட்ட வேகத்தடையில் ஏறினால் அந்த 170-ஏ போதாது என்பது எனக்குத் தெரிந்த யதார்த்தம்.

போலீஸ் பிடிப்பார்களா? சட்டம் என்னதான் சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் அடிப்படை. ஆர்சியில் பதிவான விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். சத்தம், புகைக்கு 190ஆவது பிரிவு தனி, முதல் முறை 10,000 ரூபாய் வரை போகும்.

நடைமுறையில், ஒழுங்கான 15 இஞ்ச் அலாய்க்காக யாரும் நிறுத்துவதை நான் பார்த்ததில்லை. சத்தம் போடும் சைலன்சர், 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த கூலிங் பேப்பர், 2017 கடைசியில் தடையான முன்பக்க புல் பார், எழுத்து விளையாட்டு நம்பர் பிளேட், இவைதான் கையைக் காட்டி ஓரங்கட்ட வைப்பவை. பெயிண்ட் நிறத்தை முழுக்க மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், அதை முறைப்படி விண்ணப்பித்துச் செய்யலாம்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது, எல்இடி போடட்டுமா?

முதலில் மஞ்சளாகிப்போன கண்ணாடியை பாலிஷ் போடுங்கள். அடுத்து, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வரும்படி ரிலே வயரிங் செட் போடுங்கள். கம்பெனி 60/55 வாட் பல்பே புதிதாகப் பிறந்த மாதிரி எரியும். பிரதிபலிப்பான் உள்ள பழைய ஹெட்லைட்டில் கடை எல்இடியையோ எச்ஐடியையோ மாட்டினால் ஒளி சாலையில் விழாது, எதிரே வருபவர் கண்ணில்தான் விழும்.

இன்சூரன்ஸ் கம்பெனி மோடிஃபிகேஷனைச் சாக்காகச் சொல்லிக் கிளைமை மறுக்குமா?

சொல்லாமல் செய்திருந்தால் மறுக்கலாம், அல்லது குறைத்துத் தரலாம். சர்வேயர் முதலில் பார்ப்பதே கம்பெனி பாகத்தில் இல்லாததைத்தான். அலாய், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றைத் தெரிவித்து பாலிசியில் சேர்த்தால் பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் முழு இன்சூரன்ஸே தருவதில்லை, தந்தாலும் ஐடிவி (பாலிசியில் வண்டிக்கு வைக்கும் மதிப்பு) சொற்பம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை வருஷத்துக்கு 3,416 ரூபாய், வரி தனி. வண்டியின் மதிப்பே ஒன்றரை லட்சம், அதில் அலாயும் டயருமே அறுபதாயிரம் என்றால், ஒரு விபத்தில் அந்த அறுபதாயிரம் உங்கள் கைக்காசு என்பதை நினைவில் வையுங்கள்.

குடும்பத்தோடு நீண்ட தூரம் போகலாமா? பாதுகாப்பு எப்படி?

இந்தக் கேள்விக்கு மட்டும் சமாதானமான பதில் என்னிடம் இல்லை. உயர் மாடலான இசட்எக்ஸ்ஐ தவிர மற்றவற்றில் பெரும்பாலும் ஏர்பேக் கிடையாது, பிறகு பொருத்தவும் முடியாது. ஏபிஎஸ்ஸும் எல்லா வண்டியிலும் இல்லை. தனியாக ஞாயிறு காலை ஏற்காடு போய்வர இது போதும். மனைவி, பிள்ளைகளோடு சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு நாலு வழிச்சாலையில் இரவு ஓட்டம் என்றால் வேறு வண்டி எடுங்கள். எத்தனை மோடிஃபை செய்தாலும் இந்த ஒரு குறையைத் தீர்க்க முடியாது. விற்க வேண்டும் என்று முடிவெடுக்க எனக்குத் தெரிந்து சரியான காரணமும் இதுதான், மைலேஜோ ரீசேல் மதிப்போ அல்ல.

சரி, விற்றுவிட்டேன். இதே சுவையோடு அடுத்து என்ன எடுப்பது?

புது ஸ்விஃப்ட் எடுக்கலாமே என்பார்கள். 2024 மேயில் வந்த நான்காம் தலைமுறையில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு, நல்ல மைலேஜ். ஆனால் மூன்று சிலிண்டர் எஞ்சின், 82 பிஎஸ். 6000 வரை இழுத்துச் சிரித்துப் பழகியவர்களுக்கு அது ஒட்டாது. என்னைக் கேட்டால் 2021க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் மேனுவல், நாலு சிலிண்டர், 90 பிஎஸ், எடையும் 900 கிலோ சுற்றுவட்டாரம். பழைய 1.3இன் உண்மையான வாரிசு அதுதான், செகண்ட் ஹேண்டில் தேடினால் நல்லதே கிடைக்கும்.

டர்போ பக்கம் போக ஆசை என்றால் ஹுண்டாய் ஐ20 என் லைன், 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகிற வண்டி. அமைதியாக வேகம் வேண்டும் என்றால் ஃப்ராங்க்ஸ் 1.0 டர்போ, 100 பிஎஸ். செகண்ட் ஹேண்டில் போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு இன்னும் பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் உண்டு, வண்டி அதற்குத் தகுதியானதுதான், ஆனால் 7 கியர் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர் பெட்டியின் சர்வீஸ் வரலாறு கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஃபோர்டு ஃபிகோ, ஆஸ்பையர் 1.5 டீசல் மேனுவல் நூறு பிஎஸ், ஓட்ட அருமை. மறைமலை நகர் தொழிற்சாலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது என்பதால் பாகம் கிடைக்கிறதா என்று உங்கள் ஊரில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

புது வண்டி விலையைப் பார்க்கும்போது ஷோரூம் விலையோடு நின்றுவிடக் கூடாது. 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது நல்ல செய்தி. தமிழ்நாட்டு வாழ்நாள் வரியோ 2023 நவம்பர் முதல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.9 லட்சத்துக்கும் 10.1 லட்சத்துக்கும் இடையே வரியில் மட்டும் அரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும், வேரியண்ட் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

விற்கும்போது போட்ட செலவு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. மோடிஃபிகேஷனுக்கு வாங்குபவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டார், சந்தேகத்தில் குறைக்கத்தான் பார்ப்பார். அதனால்தான் கழற்றிய கம்பெனி பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்பது. பழைய ரிம், சைலன்சர், ஃபில்டர் பாக்ஸ் எல்லாவற்றையும் பரணில் போட்டு வையுங்கள், விற்கும் முன் அவற்றைத் திரும்ப மாட்டி, அலாயையும் டயரையும் தனியாக விற்றால் பாதிக் காசாவது தேறும்.

வண்டியை ஒப்படைக்கும் அன்றைக்கே படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, ஆர்டிஓவில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கர் 'நான் பார்த்துக்கிறேன் சார்' என்பார். பெயர் மாறாதவரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.